உப்புத் தொட்டிக்கு அவசரம் ஆகாது

பழவேற்காடு ஏரியில் கார்த்திகை மாதம் ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்தால் கரிப்பே தெரியாத இடங்கள் உண்டு. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கியும் மழைவெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் காலம் அது. அதே இடத்தில் வைகாசியில் அள்ளினால் கடல்நீரே தேவலை என்று தோன்றும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல் உள்ளே வராது. வெயில் மட்டும் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், உப்பு தங்கிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பழவேற்காட்டில் அந்த அளவு மழைக்காலத்தில் ஓரிரு கிராமுக்கு இறங்கும், கடுங்கோடையில் 50-ஐயும் தாண்டும்.

இப்படிப்பட்ட நீரில்தான் மடவையும் கொடுவாவும் கிழங்கானும் கீச்சானும் காலந்தள்ளுகின்றன. வெள்ளை இறாலின் கதை இன்னும் சுவையானது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பருவத்தில் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து சேரும். சேற்றில் மேய்ந்து, சில மாதங்களில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியின் உயிரினங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து எழுதியவர். சென்னைக்காரர்கள் பலருக்குப் பழவேற்காடு என்றால் பூநாரையும் நண்டுக் குழம்பும்தான். கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவருக்கு அது ஒரு பாடசாலையும்கூட.

ஏனென்றால், வீட்டுக் கூடத்தில் வைக்கும் கடல்நீர்த் தொட்டி என்பது முகத்துவாரம் அடைபட்ட ஏரிதான். உள்ளே சேரும் கழிவு வெளியேற வழியில்லை. நீர் ஆவியாகும், உப்பு தங்கும். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நீரை எடுத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றும் மனிதர்தான் அந்தத் தொட்டிக்கு முகத்துவாரம். அவர் இரண்டு வாரம் ஊருக்குப் போனால் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் ஏன் போராடினார்கள் என்பது தொட்டி வைத்திருப்பவருக்குச் சட்டென்று புரியும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இப்போது நன்னீர் மீன்களுக்கு நடுவே கடல்மீன் தொட்டிகளும் நீலவெளிச்சத்தில் மின்னுகின்றன. வாங்க வருபவரின் கண் முதலில் போவது மாண்டரின் மீன் மீது, அல்லது முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு கிளீனர் இறால் மீது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி, திங்கட்கிழமை உப்பு, அடுத்த ஞாயிறு மாண்டரின் என்று திட்டம் போடுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு அந்த மீன் இருக்காது.

காரணம் நீர் தெளிவாக இல்லாததல்ல. புதுத் தொட்டி நீரைப்போலத் தெளிந்த நீர் கிடையாது. அதில் இல்லாதது பாக்டீரியா. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளிவிடுகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு தாங்கக்கூடியது, நீர் மாற்றும்போது வெளியேறிவிடும். ஏரியில் இந்த வேலையைச் சேறும் மணலும் சிப்பிப் படுகையும் செய்கின்றன. தொட்டியில் கல்லிலும் மணலிலும் இந்த பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீனே போடாமல், துளி அம்மோனியா கரைசலையோ கொஞ்சம் தீவனத்தையோ போட்டு இவற்றை வளர்த்துவிடலாம். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சல்ல. ஒரு பகுதி அம்மோனியம் அயனியாக, பெரிதும் தீங்கற்ற வடிவில் இருக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச் அளவும் வெப்பமும். பிஹெச் 7 உள்ள நன்னீரில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடல்நீரின் பிஹெச் 8.2 அளவில் இருக்கிறது. அங்கே அந்தப் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கப்பி மீன் சமாளித்த அதே அழுக்கு, கடல்மீனைக் கொன்றுவிடும். சென்னை வெயில் இதை இன்னும் மோசமாக்கும். மே மாதத்தில் விசிறி மட்டும் ஓடும் அறையில் தொட்டி நீர் 32 டிகிரியைச் சுலபமாகத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, நஞ்சு அதிகம். பவளப்பாறை உயிரினங்களுக்கு 25 முதல் 27 டிகிரி என்றால் நம் ஊரில் சில்லர் இல்லாமல் ஆகாது. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான நேரத்தில் மீன் மட்டுமல்ல, கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜன் இல்லாமல் திணறும்.

சரி, பாக்டீரியா வந்துவிட்டது. இனி எல்லாம் போடலாமா? கூடாது. பாக்டீரியா என்பது தொடக்கம்தான்.

மாண்டரின் மீனைக் கொஞ்சநேரம் அருகில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். நீலமும் ஆரஞ்சும் சுழித்த அந்த உடம்பு, கல்லோரமாக மெல்ல நகர்ந்து, நின்று, சின்ன வாயைக் குவித்து ஒரு கொத்து கொத்தும். மறுபடி நகரும், கொத்தும். விழித்திருக்கும் நேரம் முழுக்க இதே வேலை. அது பொறுக்குவது கோபிபாட் எனப்படும், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள உயிருள்ள கணுக்காலிகளை. மேலே மிதக்கும் குருணைத் தீவனத்தைப் பல மாண்டரின்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு மாதத் தொட்டியில் உள்ள கோபிபாட்களைச் சில வாரத்தில் தீர்த்துவிட்டு, அப்புறம் பட்டினி கிடந்து சாகும். நோய் இல்லை, நஞ்சு இல்லை, வயிறு உள்வாங்கி, பக்கவாட்டு எலும்பு தெரியத் தொடங்கும். கவனித்து மருந்து தேடுவதற்குள் காலம் கடந்திருக்கும். தொட்டி ஆறு மாதம், இயன்றால் ஒரு வருடம் பழகி, கண்ணாடியில் இரவு டார்ச் அடித்தால் வெள்ளைப் புள்ளிகளாக ஊர்வது தெரியும்வரை இந்த மீனுக்கு இடமில்லை.

யார் முன்னே, யார் பின்னே என்பதும் உயிர்போகிற விஷயம். டாம்செல் மீன் மலிவு, எதையும் தாங்கும் என்று அதை முதலில் விட்டுத் தொட்டியைப் 'பழக்குவது' பழைய வழக்கம். மீனுக்கு அது கொடுமை. வளர்ப்பவருக்கும் நஷ்டம்தான், முதலில் வந்த டாம்செல் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக வரித்துக்கொண்டு, பின்னால் வரும் சாதுவை விரட்டியே கொன்றுவிடும். பழவேற்காட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கீச்சான். சிறு பருவத்தில் அது மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்னும் பழக்கமுள்ளது. ஏரியில் செதில் இழந்த மீன் ஓடித் தப்பிக்கும். மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடும்?

இறாலுக்கு வருவோம். உயிர்பிழைக்கும் கணக்கு இங்கே வேறு.

எலும்புள்ள மீனின் ரத்தத்தில் உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கடலில் அது நீரைக் குடித்து, செவுளில் உள்ள சிறப்பு உயிரணுக்கள் மூலம் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மடவை போன்ற ஏரிமீன்கள் ஆற்றுநீர் வந்தால் அந்த வேலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். வெள்ளை இறால், வரி இறால் வகைகளும் இதில் கெட்டிக்காரர்கள். பவளப்பாறை இடுக்கில் வாழும் கிளீனர் இறாலுக்கு இந்தப் பயிற்சி இல்லை. அது பிறந்த இடத்தில் ஆண்டு முழுவதும் உப்பு ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. கடைத் தொட்டியில் லிட்டருக்கு 30 கிராம், வீட்டுத் தொட்டியில் 35 என்றால், பையை வெட்டி அப்படியே உள்ளே கவிழ்த்த இறால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதை அன்று மாலையே பார்க்கலாம்.

ஆகவே சொட்டு சொட்டாக நீரைக் கலந்து பழக்கு என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. இறால் பண்ணைக்காரர்களுக்கு இது தினப்பாடு. குஞ்சுப் பொரிப்பகத்தில் கடல்நீரில் வளர்ந்த குஞ்சுகளைக் குறைந்த உப்புள்ள குளத்துக்கு மாற்றும்போது அவசரப்படாமல் மணிக்கு ஓரிரு கிராம் என்ற கணக்கில் இறக்குவார்கள். ஆனால் நெடுந்தூரம் வந்த மீன்பையில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. மூடிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஹெச் இறங்கும். கழிவு அம்மோனியாவும் சேரும், ஆனால் பிஹெச் குறைவாக இருப்பதால் தீங்கற்ற வடிவில் கிடக்கும். பையைத் திறந்த கணமே கரியமில வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்குகிறது. அந்த நீரிலேயே இரண்டு மணிநேரம் சொட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், பழக்குவதாக நினைத்து விஷத்தில் ஊறவைக்கிறோம் என்று அர்த்தம். இதற்கு வழி ஒன்றுதான். விற்பவரிடம் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, தனித்தொட்டி நீரை அதே அளவில் தயாராக வைத்து, பையை மூடியபடி மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்தி, திறந்ததும் உயிரை எடுத்து அதில் விட்டுவிட வேண்டும். உப்பை அடுத்த சில நாளில் நிதானமாக ஏற்றலாம். கொளத்தூரிலிருந்து பெரம்பூருக்கு அரைமணியில் வந்து சேர்ந்த இறாலுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குச் சொட்டுமுறையே நல்லது.

ஒருநாள் காலை தொட்டியின் அடியில் இறால் செத்துக் கிடக்கும். மீசை, கால், வால் எல்லாம் முழுசாக, ஆனால் கண்ணாடிபோல வெறும் கூடாக. பதறவேண்டியதில்லை, அது சட்டை உரித்திருக்கிறது. உண்மையான இறால் கல்லுக்கடியில், மெத்தென்ற உடம்போடு, புதுஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கும். இறால் பண்ணைகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சட்டை உரிப்பு கூடும் என்று தீவனத்தைக் குறைப்பது வழக்கம். உப்பளவு திடீரென்று மாறினால் வேளை வராமலேயே உரித்து, பாதியில் மாட்டிக்கொண்டு இறந்துபோவதும் உண்டு. ஒளிந்துகொள்ள இடுக்கில்லாத புதுத் தொட்டியில், அந்த ஒரு ராத்திரியில்தான் பசித்த மீன்கள் அதை முடித்துவிடும். ஏரியில் இறாலுக்குச் சேறு இருக்கிறது. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து கையால் தடவித்தான் அதைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறி பல்லில் கடித்தபடி இருக்கும், இரண்டு கையும் சேற்றுக்குள். புதைந்த இறாலைக் கண்ணால் காண முடியாது என்பதற்கு அந்தத் தொழிலே சாட்சி.

இன்னொரு எதிரி மருந்துக்குப்பி. கடல்மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து போடுவார்கள், மீன் பிழைக்கும். அதே தொட்டியில் உள்ள இறால், நண்டு, சிப்பி எல்லாம் மடியும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம் கலந்த புரதம்தான். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே தாமிரம் செய்கிறது. ஆனாலும் நீரில் கரைந்த தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே அதைக் கொன்றுவிடும். மீனும் இறாலும் சேர்ந்து வாழும் தொட்டியில் மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்து, தேறிய பிறகு சேர்ப்பதுதான் வைத்தியம்.

தனித்துவைப்பது ஏதோ பணக்காரப் பொழுதுபோக்காளரின் அதீத எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் நீலாங்கரையை எட்டிப்பார்க்கலாம். 1994-ல் தொடங்கி வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கரையின் இறால் பண்ணைகளை வாரிக்கொண்டு போனது. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் வேறு, இது வேறு. அந்த அடி வாங்கிய பிறகு, 2009-ல் வனாமி இறாலை இந்தியாவுக்குள் அனுமதித்தபோது, இறக்குமதியாகும் தாய் இறால்கள் முதலில் நீலாங்கரையில் உள்ள தனிமைக் கூடத்தில் அடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகவேண்டும் என்று விதி வந்தது. சோதிக்காமல் வந்தவை என்ன செய்யும் என்பதைப் பழவேற்காடு இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென்னமெரிக்க மட்டி எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடிப்படுகை மீது பாய் விரித்ததுபோலப் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிட்டது. கப்பல்கள் வழியாக வந்திருக்கவேண்டும் என்கிறார்கள். வளர்த்துச் சலித்த தொட்டி மீனை ஏரியிலோ கழிமுகத்திலோ கொண்டுபோய் விடுபவர்கள் இதை ஒருதடவை நினைத்துப்பார்க்கவேண்டும்.

சட்டம் இந்த ஏரியின் பெயரைச் சொல்லியே ஒருமுறை பேசியிருக்கிறது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் வணிக இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. வண்ணமீன் விஷயத்தில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. கடற்குதிரையும் பவளமும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் விற்கும் கடல் பவளக்கல்லும் இதில் மாட்டும். 2017-ல் மத்திய அரசு கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன் உட்பட 158 வகைகளைத் தொட்டியில் வைக்கத் தடைவிதித்து விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு திரும்பப் பெற்றுக்கொண்டது. தடை போடுவதைவிட, பிடித்த மீனுக்குப் பதில் வளர்த்த மீன் கிடைக்கச் செய்வதே பலன்தரும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

அந்த வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன்களைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் தேசிய மீன் மரபு வளப் பணியகம், அலங்கார இறால்களை இனப்பெருக்கம் செய்ய உள்ளூர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தொட்டியில் பிறந்த உயிருக்குக் குருணைத் தீவனம் தெரியும், கண்ணாடி தெரியும். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடித்த மீன், பார்க்க நன்றாக இருந்து, சில வாரத்தில் காரணம் தெரியாமல் இறப்பதுண்டு.

பழவேற்காட்டுக்கு நெருக்கமான செய்தி சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள அதன் நிலையத்தில் கரிமீனும், வெள்ளிக்காசுபோல மின்னும் சில்வர் மூனியும், புள்ளி ஸ்காட் மீனும் இனப்பெருக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. இவை எல்லாம் நம் உப்பங்கழிகளில் இருப்பவை. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் சமாளிப்பவை. விரல் நீளத்தைத் தாண்டாத ஆரஞ்சு குரோமைடைச் சிறு தொட்டியிலும் வைக்கலாம். அதனிடம் ஒரு வேடிக்கை: தன் இனத்துப் பெரியவரான கரிமீனின் உடம்பில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளை அது கொத்தித் தின்னும், கரிமீனும் அசையாமல் நின்று காட்டும். கிளீனர் இறால் பவளப்பாறையில் செய்யும் சேவையை நம் ஏரியில் ஒரு குட்டி மீன் செய்கிறது. வெளிநாட்டு இறாலுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுப்பவர்கள் இதைப் பார்த்ததே இல்லை.

இந்தக் குஞ்சுகளை வாங்கி, கொட்டகையில் நான்கு தொட்டி வைத்து வளர்த்துக் கொளத்தூருக்கு அனுப்புவது ஏரிக்கரைக் குடும்பங்களுக்குக் கூடுதல் வருமானம் ஆகலாம். ஆனால் ஏரியிலிருந்தே அள்ளி விற்கும் வியாபாரமாக இது மாறினால் வினைதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைக்கும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. வண்ணமீனுக்கென்று வலையோடு வரும் வெளியூர்க்காரர் அந்த முறைக்குள் அடங்கமாட்டார்.

கடல்நீர்த் தொட்டி வைத்தே தீருவேன் என்பவர், முதல் வருடம் கரிமீன் இனத்தோடும் மூனியோடும் உவர்நீரில் பழகுவது நல்லது. பாக்டீரியாவுக்குக் காத்திருக்கும் ஆறு வாரம் அங்கேயும் உண்டு, ஆனால் கை தவறினால் அவை கொஞ்சம் பொறுக்கும். பிறகு கடல்நீர், கோமாளி மீன், அதன்பின் இறால், எல்லாவற்றுக்கும் கடைசியில் மாண்டரின். வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது வளர்த்ததா, பிடித்ததா? என் கண்முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுமா? இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.